45 நிமிஷம்... 46 கோடி டாலர்!

2012, ஆகஸ்ட் 1. புதன்கிழமை. நியூயார்க் பங்கு மார்க்கெட் வழக்கம்போல் காலை ஒன்பதரைக்கு மணியடித்துத் திறந்தது. நைட் கேப்பிடல் என்ற பெரிய புரோக்கர் கம்பெனியின் கம்ப்யூட்டர்களும் வழக்கம்போல் வேலையை ஆரம்பித்தன. பத்தேகால் மணிக்கு அந்தக் கம்பெனி திவால் ஆகும் நிலையில் நின்றது.

என்ன நடந்தது? திருட்டா? வைரஸா? யாராவது வில்லன் பூந்துவிட்டானா?

ஒன்றுமே இல்லை ஸார். ஆர்டர்களை மார்க்கெட்டுக்கு அனுப்ப அவர்களிடம் எட்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒரு புதுப் புரோகிராமை எட்டிலும் ஏற்ற வேண்டும். ஏற்றின ஆசாமி ஏழில் ஏற்றினார். எட்டாவதை விட்டுவிட்டார். அவ்வளவுதான். 'எட்டும் ஆச்சாப்பா?' என்று கேட்க இன்னொரு ஆள் இல்லை. கேட்க வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைத்திருக்கவும் இல்லை.

அந்த எட்டாவது கம்ப்யூட்டருக்குள் 2003-லேயே ஓய்வு கொடுக்கப்பட்ட ஒரு பழைய புரோகிராம் கும்பகர்ணன் மாதிரி தூங்கிக்கொண்டிருந்தது. புதுப் புரோகிராமை எழுப்புவதற்கு எந்த ஸ்விட்சைப் போட்டார்களோ, அதே ஸ்விட்ச் முன்னொரு காலத்தில் கும்பகர்ணனுடையது! எழுந்தார். வாங்கினார், விற்றார், வாங்கினார், விற்றார். 'போதும், இந்த ஆர்டர் முடிந்தது' என்று சொல்லும் பகுதியை அவரிடமிருந்து 2005-ல் பிரித்து வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். ஆகவே அவருக்குப் போதும் என்பதே தெரியாது.

வந்தவை 212 சின்ன ஆர்டர்கள். நடந்தவை சுமார் 40 லட்சம் பரிவர்த்தனைகள். 154 கம்பெனிகளின் பங்குகளில் 39.7 கோடி ஷேர்கள் கை மாறின. இதைவிடக் கொடுமை, பதற்றத்தில் 'புதுசுதான் கோளாறு' என்று நினைத்து ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஏழு கம்ப்யூட்டர்களிலிருந்தும் புதுப் புரோகிராமைக் கழற்றினார்கள். எட்டிலும் கும்பகர்ணன்! எரிகிற கொள்ளியில் எண்ணெய்.

மார்க்கெட் திறப்பதற்கு முன்பே, எட்டு மணியிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் சிஸ்டம் 97 ஈமெயில்கள் அனுப்பி ஏதோ சரியில்லை என்று சொல்லியிருந்தது. ஆபீஸில் தானாக வரும் மெயில்களை நாம் எப்படிப் படிக்கிறோமோ, அப்படித்தான் அவர்களும் படித்தார்கள். அதாவது, படிக்கவில்லை.

நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல் என்று அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பு பிற்பாடு கணக்கெடுத்தது. 2013-ல் 1.2 கோடி டாலர் அபராதமும் போட்டது. வெளியாட்கள் 40 கோடி டாலர் போட்டுத் தாங்கிப்பிடித்தார்கள். மறு வருஷமே நைட், கெட்கோ என்ற இன்னொரு கம்பெனியோடு இணைந்து தன் தனி அடையாளத்தை இழந்தது.

எட்டு கம்ப்யூட்டருக்கே இந்தக் கதி. எட்டாயிரம் இருந்தால்?

இந்தக் கேள்விக்கு சாஃப்ட்வேர்காரர்கள் கண்டுபிடித்த பதிலுக்குப் பெயர் கன்டெய்னர். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் உங்கள் ரூம்மேட் ராத்திரி ரெண்டு மணிக்கு போனில், 'கன்டெய்னர் செத்துப் போச்சு மச்சான், திரும்பத் திரும்ப சாகுது' என்று புலம்புவதைக் கேட்டிருப்பீர்கள். எழவு வீடோ என்று பயந்தும் போயிருப்பீர்கள். பயம் வேண்டாம். விஷயம் இதுதான்.

துறைமுகத்துப் பெட்டி

பெயரே துறைமுகத்திலிருந்து சுட்டதுதான். மால்கம் மெக்லீன் என்று ஒரு அமெரிக்கர். லாரி முதலாளி. அந்தக் காலத்தில் கப்பலில் சரக்கு ஏற்றுவது என்றால் மூட்டை தனி, பீப்பாய் தனி, மரப்பெட்டி தனி. ஒவ்வொன்றையும் ஆட்கள் தூக்கி அடுக்க வேண்டும். மெக்லீன், 'மூட்டையை எதற்கு ஏற்றி இறக்குகிறாய்? பெட்டியோடு ஏற்று' என்றார். 1956 ஏப்ரல் 26-ம் தேதி ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 பெட்டிகளோடு நூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. சாதாரணமாக ஒரு டன் சரக்கை ஏற்ற 5.86 டாலர் செலவான இடத்தில், இந்த முறையில் 16 சென்ட்தான் ஆயிற்று!

கிரேன் டிரைவருக்குப் பெட்டிக்குள் பனியன் இருக்கிறதா, பம்ப் செட் இருக்கிறதா என்று தெரிய வேண்டாம். பெட்டியின் அளவும் நாலு மூலைக் கொக்கியும் ஒரே மாதிரி இருந்தால் போதும். லாரியோ, ரயிலோ, கப்பலோ... தூக்கு, வை, பூட்டு.

சாஃப்ட்வேரில் மூட்டை முடிச்சு என்ன? ஒரு புரோகிராம் தனியாக ஓடாது. அதற்கு இந்த லைப்ரரி வேண்டும், அதிலும் இந்த வெர்ஷன்தான் வேண்டும், இந்த இடத்தில் இந்த ஃபைல் இருக்க வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டு லிஸ்ட் மாதிரி நீளும். எழுதியவரின் கம்ப்யூட்டரில் எல்லாம் இருக்கும். ஜோராக ஓடும். கஸ்டமர் பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஒன்று குறையும். படுத்துவிடும். உடனே எழுதியவர் அந்த அமர வசனத்தைச் சொல்வார்: 'என் மிஷின்ல ஓடுதே!'

2013 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவில் பைத்தான் புரோகிராமர்கள் மாநாடு. ஸாலமன் ஹைக்ஸ் என்ற இளைஞர் மேடையேறினார். அவருக்குக் கிடைத்தது வெறும் ஐந்து நிமிஷம். அதற்குள் டாக்கர் என்ற கருவியைக் காட்டிவிட்டு இறங்கினார். புரோகிராம், அதற்கு வேண்டிய லைப்ரரி, ஃபைல் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி சீல் வைத்துவிடுவது. அந்தக் கட்டுக்குப் பெயர் இமேஜ். அதை எந்த லினக்ஸ் கம்ப்யூட்டரில் பிரித்து ஓட்டினாலும் உள்ளே இருப்பது அதே சரக்கு. ஓடும்போது அதற்குப் பெயர் கன்டெய்னர். டாக்கரின் சின்னம் என்ன தெரியுமா? முதுகில் கன்டெய்னர்களைச் சுமந்து போகும் ஒரு திமிங்கலம்!

சீல் என்று சும்மா சொல்லவில்லை. ஒவ்வொரு இமேஜுக்கும் 64 எழுத்தில் ஒரு கைரேகை கணக்கிடப்படுகிறது. உள்ளே ஒரு கமா மாறினாலும் கைரேகை மாறிவிடும். 'எட்டிலும் ஒரே சரக்குதானா?' என்று ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டாம். எட்டுக் கைரேகைகளை ஒப்பிட்டால் போச்சு.

மேன்ஷன் தத்துவம்

இதற்கு முன்பும் ஒரு வழி இருந்தது. வர்ச்சுவல் மிஷின். ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் பல பொய் கம்ப்யூட்டர்களை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் முழு ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டுக் கொடுப்பது. அது தனி வீடு. தனி கிணறு, தனி மோட்டார், தனி காம்பவுண்டு. வசதிதான். ஆனால் வாடகை கட்டுப்படியாகாது, குடியேறவும் நேரமாகும்.

கன்டெய்னர் என்பது திருவல்லிக்கேணி மேன்ஷன் ரூம். ரூம் தனி, பூட்டு தனி. ஆனால் மாடியில் தண்ணீர்த் தொட்டி ஒன்றே ஒன்று. லினக்ஸின் கெர்னல் என்ற உயிர்நாடிப் பகுதிதான் அந்தத் தொட்டி. எல்லா ரூமுக்கும் அதிலிருந்தே சப்ளை. அதனால்தான் ஒரு கன்டெய்னர் பெரும்பாலும் ஒரு விநாடிக்குள் எழுந்து உட்கார்ந்துவிடுகிறது. தொட்டி ஏற்கெனவே நிரம்பியிருக்கிறதே!

ரூமுக்குள் இருப்பவருக்கு அடுத்த ரூம்காரர் கண்ணில் படமாட்டார். 'இந்தக் கம்ப்யூட்டரில் நான் மட்டும்தான்' என்று நினைத்துக்கொண்டிருப்பார். அதே சமயம் அவருக்கு இவ்வளவு மெமரி, இவ்வளவு பிராசசர் என்று ரேஷன் உண்டு. இந்த ரேஷன் முறையை 2006-ல் கூகுள் இன்ஜினீயர்கள் எழுத ஆரம்பித்து, 2008-ல் அது லினக்ஸோடு சேர்ந்தது. மெமரி ரேஷனைத் தாண்டினால் மேன்ஷன் மேனேஜர் மாதிரி வார்னிங் கொடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அந்த இடத்திலேயே ஆள் காலி. ரூம்மேட் சொன்ன 'திரும்பத் திரும்ப சாகுது' இதுவாகவும் இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: தொட்டி பொது என்பதால், அதில் ஓட்டை விழுந்தால் எல்லா ரூமுக்கும் ஆபத்து. கெர்னலில் ஒரு பாதுகாப்புக் குறை இருந்தால், ஒரு கன்டெய்னரில் நுழைந்த திருடன் மற்றவற்றுக்கும் தாவ வழியுண்டு. தனி வீட்டில் அந்த பயம் குறைவு.

தோனி அவுட்டானால் எதற்கு வேலை?

'சரி, ஒரு புரோகிராமை ஒரு பெட்டியில் வைத்தால் தீர்ந்தது. நூற்றுக்கணக்கில் எதற்கு?' என்று கேட்பீர்கள்.

2019 ஜூலை 10. மான்செஸ்டரில் நியூசிலாந்தோடு உலகக் கோப்பை அரை இறுதி. ஹாட்ஸ்டாரில் மட்டும் ஒரே சமயத்தில் 2.5 கோடிக்கு மேற்பட்டவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கப்டில் எறிந்தார், தோனி ரன் அவுட். நமக்கெல்லாம் நெஞ்சு வலித்தது. ஹாட்ஸ்டார் இன்ஜினீயர்களுக்கு வேறு வலி. பார்த்துக்கொண்டிருந்த ஜனம் மொத்தமும் வெறுத்துப் போய் 'பேக்' பட்டனை அமுக்கியது. அமுக்கினால் எங்கே போகும்? முகப்புப் பக்கத்துக்கு! வீடியோ காட்டும் பகுதி காற்றாட, முகப்புப் பக்கம் காட்டும் பகுதிக்குத் திருவிழாக் கூட்டம்.

ஆக, ஒரே சர்வீஸின் ஒவ்வொரு பகுதிக்கும் கூட்டம் வரும் நேரம் வேறு, அளவு வேறு. எல்லாவற்றையும் ஒரே புரோகிராமாக எழுதினால் முகப்புப் பக்கத்துக்காக முழு யானையையும் இன்னொரு நகல் எடுக்க வேண்டும். லாகின் தனி, தேடல் தனி, பணம் கட்டுவது தனி என்று பிரித்தால், எது திணறுகிறதோ அதை மட்டும் பெருக்கலாம். இந்தத் துண்டுகளுக்குப் பெயர்தான் மைக்ரோசர்வீஸ்.

நெட்ஃபிளிக்ஸ் இந்தப் பாடத்தை அடிபட்டுக் கற்றது. 2008 ஆகஸ்டில் அவர்களுடைய டேட்டாபேஸ் கெட்டுப்போய் மூன்று நாள் வாடிக்கையாளர்களுக்கு டிவிடியே அனுப்ப முடியவில்லை. (ஆமாம், அப்போது தபாலில் டிவிடி!) ஒரு இடம் படுத்தால் மொத்தமும் படுக்கக் கூடாது என்று முடிவெடுத்து, அந்த ஒரே பெரிய புரோகிராமை நூற்றுக்கணக்கான துண்டுகளாகப் பிரித்து அமேஸானின் கம்ப்யூட்டர்களுக்கு மாற்றினார்கள். வேலை முழுசாக முடிந்தது 2016 ஜனவரியில். ஏழு வருஷத்துக்கு மேல்!

பி.காம்.காரர்களுக்கு ஒரு சந்தோஷச் செய்தி

இப்போது அசல் பிரச்னை. நூறு துண்டு, ஒவ்வொன்றுக்கும் பத்து நகல் என்றால் ஆயிரம் பெட்டி. கூகுளில் வாரத்துக்கு 200 கோடி கன்டெய்னர்களைத் தொடங்குகிறோம் என்று அதன் இன்ஜினீயர் ஜோ பீடா 2014-ல் ஒரு மாநாட்டில் சொன்னார். வகுத்துப் பார்த்தேன். விநாடிக்கு 3,300-க்கு மேல்! இதை யார் எண்ணுவது? செத்ததை யார் எழுப்புவது?

அந்த வருஷம் ஜூனில் கூகுள் தன் அனுபவத்தையெல்லாம் போட்டு ஒரு மேய்ப்பரை இலவசமாக வெளியிட்டது. பெயர் குபெர்னெட்டிஸ். கிரேக்க மொழியில் மாலுமி, சுக்கான் பிடிப்பவர் என்று அர்த்தம். வாயில் நுழையாதவர்கள் கே-8-எஸ் என்பார்கள். ஆங்கிலத்தில் முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவில் எட்டு எழுத்துகள்!

இது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள கம்ப்யூட்டர் படிக்க வேண்டாம். பி.காமில் பேங்க் ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட் போட்டிருந்தால் போதும். நம்ம கேஷ் புக் ஒரு தொகை சொல்லும். பேங்க் பாஸ் புக் வேறு தொகை சொல்லும். ரெண்டையும் பக்கத்தில் வைத்து, வித்தியாசம் எங்கே என்று தேடி நேர் செய்வோம் இல்லையா? குபெர்னெட்டிஸ் ராப்பகலாகச் செய்வது அதே வேலை. அவர்களும் அதை ரீகன்சிலியேஷன் என்றேதான் சொல்கிறார்கள்!

நீங்கள் ஒரு ஃபைலில் எழுதுகிறீர்கள்: 'இந்தக் கைரேகை உள்ள இமேஜ், எட்டு நகல் ஓட வேண்டும்.' இது கேஷ் புக். நிஜத்தில் எத்தனை ஓடுகின்றன? இது பாஸ் புக். ஏழுதான் ஓடுகிறதா? ஒன்றைப் புதிதாகக் கிளப்பு. ஒன்பது ஓடுகிறதா? ஒன்றை நிறுத்து. ஒரு கம்ப்யூட்டரே எரிந்து போய்விட்டதா? அதிலிருந்தவற்றை மற்ற கம்ப்யூட்டர்களில் இடம் பார்த்து எழுப்பு. யாரும் ராத்திரி எழுந்து 'எட்டாவதுல ஏத்தினியாடா?' என்று கேட்க வேண்டியதில்லை.

கூட்டம் ஏறினால்? அதற்கும் ஒரு எளிய கணக்கு. நாலு நகல் ஓடுகிறது; ஒவ்வொன்றும் 90 சதவிகிதம் வேலையில் திணறுகிறது; நீங்கள் 60 சதவிகிதம் போதும் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். 4 x 90 / 60 = 6. இன்னும் இரண்டைக் கிளப்பிவிடும். வழக்கமாக 15 விநாடிக்கு ஒருதரம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும். நம் ஆபீஸில் கூடுதல் ஆள் கேட்டு லெட்டர் போட்டால் 15 மாதம் ஆகும்.

புதுப் புரோகிராம் ஏற்றும்போது? எட்டையும் ஒரே அடியாக மாற்றாது. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் கால்வாசிக் கணக்கு: ஆறுக்குக் குறையாமல் ஓடிக்கொண்டே இருக்க, பத்துக்கு மேல் போகாமல் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றும். புதியது 'ரெடி ஸார்' என்று ஆஜர் கொடுத்த பிறகுதான் அதற்கு வேலை தரும். ஆஜர் வராவிட்டால் மாற்றும் வேலை அங்கேயே நிற்கும். பழசுகள் தொடர்ந்து ஓடும்.

நிஜ உதாரணம் வேண்டுமா? 2016-ல் போகிமான் கோ விளையாட்டு இந்த முறையில்தான் ஓடியது. எதிர்பார்த்த கூட்டத்தைப்போல் அதிகபட்சம் ஐந்து மடங்கு வரலாம் என்று கணித்திருந்தார்கள். வந்தது ஐம்பது மடங்கு! ஜப்பானில் வெளியிடுவதற்கு முன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைக் கூடுதலாகச் சேர்க்க வழி செய்தார்கள்.

அப்படியானால் நைட் தப்பித்திருக்குமா?

பாதி தப்பித்திருக்கும். (அந்தக் கம்பெனிக்கு விபத்து நடந்தபோது டாக்கரே வரவில்லை என்பது வேறு விஷயம்.) ஏழு புதுசு, ஒன்று பழசு என்று யாருக்கும் தெரியாமல் நாலைந்து நாள் கிடந்திருக்காது. கேஷ் புக்கும் பாஸ் புக்கும் ஒத்துப்போகாததை மேய்ப்பர் கவனித்திருப்பார்.

ஆனால் மறுபாதி? கொஞ்சம் கொஞ்சமாக மாற்றும்போது சில நிமிஷம் பழசும் புதுசும் சேர்ந்தேதான் ஓடும். அந்த நேரத்தில் யாராவது பழைய ஸ்விட்சைப் போட்டால் கும்பகர்ணன் எழுந்தே தீருவார். ஆகவே மாற்றம் முழுக்க முடிந்தபின் ஸ்விட்ச். ஓய்வு பெற்ற புரோகிராமை ஓய்வூதியம் கொடுத்து உள்ளேயே வைத்திருக்காமல் அழித்துவிடுவது. இந்த இரண்டையும் மனுஷன்தான் செய்ய வேண்டும்.

இன்னொன்று, மேய்ப்பர் பரம விசுவாசி. நீங்கள் தப்பாக எழுதினால் அந்தத் தப்பை எட்டிலும், எட்டாயிரத்திலும் ஒரே மாதிரி, ஒரு குறையும் இல்லாமல் நிறைவேற்றுவார்! அதனால்தான் விவரமானவர்கள் முதலில் நூற்றில் ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் புதுசைக் காட்டி, கூச்சல் வருகிறதா என்று பார்த்துவிட்டு மற்றவர்களுக்குத் திறக்கிறார்கள். அதேபோல், இமேஜைக் கைரேகையால் குறிப்பிடாமல் 'லேட்டஸ்ட் எதுவோ அது' என்று எழுதும் சோம்பேறிகள் உண்டு. நேற்று கிளம்பிய பெட்டிக்கு நேற்றைய லேட்டஸ்ட், இன்று கிளம்பியதற்கு இன்றைய லேட்டஸ்ட். மறுபடி அதே ஏழும் ஒன்றும்.

துண்டு போடுவதிலும் அளவு வேண்டும். கணக்குப் பாருங்கள். ஒரு துண்டு 99.9 சதிவிகித நேரம் ஒழுங்காக ஓடினால் மாதத்துக்கு சுமார் 43 நிமிஷம்தான் படுக்கும். ஒரு வேலை முடிய அப்படிப்பட்ட 30 துண்டுகள் வரிசையாக ஒத்துழைக்க வேண்டும் என்றால்? 0.999-ஐ முப்பது தடவை பெருக்கினால் 97 சதவிகிதம். மாதத்துக்கு 21 மணி நேரம் அவுட்! ஒன்று படுத்தாலும் மற்றவை சமாளிக்கும்படி எழுதினால்தான் பிரித்ததற்குப் பலன்.

2023-ல் அமேஸான் பிரைம் வீடியோவில் ஒரு குழு, வீடியோ தரத்தைச் சோதிக்கும் தங்கள் சர்வீஸைப் பல துண்டுகளிலிருந்து மறுபடி ஒரே புரோகிராமாக ஆக்கியது. செலவு 90 சதவிகிதம் குறைந்தது என்று அவர்களே எழுதினார்கள். துண்டுகளுக்கு நடுவே சரக்கை அனுப்பி வாங்குவதற்கே பணம் போய்க்கொண்டிருந்ததாம். இதில் வேடிக்கை, அந்த ஒரே புரோகிராமையும் கன்டெய்னரில் வைத்துத்தான் ஓட்டினார்கள். பெட்டியில் வைப்பது வேறு, பொடிப்பொடியாக்குவது வேறு.

ஆக, ஐ.டி.யில் சேரப்போகிற தம்பிகளுக்கும், சேராமலே பில் போடும் சாஃப்ட்வேரோடு மல்லுக்கட்டும் ஆபீஸ் அன்பர்களுக்கும் ஒரு யோசனை. டாக்கர் தெரியுமா, கே-8-எஸ் தெரியுமா என்று பயமுறுத்துகிறவர்களிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். என்ன ஓட வேண்டும் என்று எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்? என்ன ஓடுகிறது என்று எதில் பார்க்கிறீர்கள்? ரெண்டும் ஒத்துப்போகாவிட்டால் யாருக்குத் தெரியும்?

மூன்றாவதற்கு 'மெயில் வரும் ஸார்' என்று பதில் வந்தால், அந்த 97 மெயில் கதையைச் சொல்லுங்கள்.